வேர் நுனியின் மின்னோட்டமும் ஒட்சினும்

தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தெரிந்தெடுத்த டீ.ஆர்.ஐ. 2025 போன்ற தேயிலை வகைகளின் கன்றுகள், ஓர் இலையும் அதன் கக்கத்தில் ஒரு மொட்டும் உடைய சிறு தண்டுத் துண்டிலிருந்து நாற்றுமேடையில் வளர்க்கப்படுகின்றன. பொலித்தீன் பையிலுள்ள மண்ணில் ஊன்றும்போது அத்துண்டில் வேர் எதுவும் இராது. மொட்டிலும் இலையிலும் உருவாகும் ஒட்சின் என்னும் ஓமோன் கீழ்நோக்கிச் சென்று வெட்டுமுனையில் தேங்குவதே அங்கு வேர் அரும்பக் காரணமாகிறது. இலையைக் கிள்ளாமல் விடுவது உணவுக்காக மட்டுமன்று.

ஒட்சின் ஒரே திசையில் நகர்வதற்கு மின்சாரமே துணை நிற்கிறது. ஒவ்வொரு கலமும் தன் சக்தியைச் செலவிட்டு, நேரேற்றம் கொண்ட ஐதரசன் அயன்களை, அதாவது புரோத்தன்களை, ஓயாமல் வெளியே தள்ளுகிறது. இதனால் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 150 மில்லிவோல்ற்று மறையாகிறது. கலச்சுவரோ அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலச் சூழலில் ஒட்சினின் ஒரு பகுதி ஏற்றமற்றிருப்பதால் மென்சவ்வைத் தானே கடந்துவிடும். எஞ்சியதைக் காவிப் புரதங்கள் புரோத்தன்களுடன் சேர்த்து உள்ளே கொண்டுவருகின்றன. உள்ளே வந்ததும் அது புரோத்தனை இழந்து மறையேற்றம் பெறுவதால், ‘பின்’ (PIN) எனப்படும் புரதங்களின் வழியாகவன்றி வெளியேற முடியாது. தண்டில் அப்புரதங்கள் கலத்தின் அடிப்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. ஓமோனின் திசையும் அவ்வாறே தீர்மானமாகிறது. 1970களில் ரூபெரி, ஷெல்ட்ரேக், ரேவன் ஆகியோர் முன்வைத்த இவ்விளக்கம் இன்றும் அடிப்படையில் நிலைத்திருக்கிறது.

வளரும் வேரைச் சுற்றியும் மின்னோட்டம் உண்டு. அதிரும் நுண்மின்வாயைக் கொண்டு பார்லி வேர்களை அளந்த வைசன்சீல், டோர்ன், ஜாஃபி ஆகியோர், வேரின் நீட்சி வலயத்திலும் வேர்மயிர்களின் நுனியிலும் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மைக்ரோ அம்பியர் வரையிலான ஓட்டம் உட்புகுவதையும், அது முதிர்ந்த பகுதிகளில் வெளியேறுவதையும் 1979இல் அறிவித்தனர். மின்கம்பியில் இலத்திரன்கள் ஓடுகின்றன. இங்கு ஓடுபவை பெரும்பாலும் புரோத்தன்களே. ஆகவே இம்மின்னோட்டமும் வேரோர அமிலத்தன்மையும் ஒரே நிகழ்வின் இரு அளவீடுகள்.

சரிவான நிலத்திலும் முதல் வேர் சரிவுக்குச் செங்குத்தாகச் செல்லாமல் புவியீர்ப்பின் திசையிலேயே இறங்குகிறது. வேர் சாய்ந்தால் வேர்மூடிக் கலங்களிலுள்ள மாப்பொருள் மணிகள் கீழ்ப்பக்கம் படிகின்றன, ஒட்சினும் கீழ்ப்பக்கத்தில் மிகுகிறது. தண்டில் நீட்சியைத் தூண்டும் அதே ஒட்சின், வேரில் அதைத் தடுக்கிறது. அதனால் மேற்பக்கம் கூடுதலாக நீள, வேர் கீழ்நோக்கி வளைகிறது. இம்முரணின் காரணம் 2021இல் தெளிவாயிற்று. வேர்க் கலத்தில் ஒட்சின் ஒரு பாதையில், புரோத்தன்களை வெளியே தள்ளும் பம்பியைத் தூண்டுகிறது. மற்றொரு பாதையில் புரோத்தன்களை விரைந்து உள்ளே பாயச் செய்கிறது. கலச்சுவர் நெகிழ்ந்து நீள அமிலத்தன்மை உதவுகிறது; இரண்டாவது பாதை மேலோங்குவதால் அது குறைந்து, நீட்சி உடனே தளர்கிறது. கலத்தின் மின்னழுத்தமும் அப்போதே வீழ்கிறது.

அப்படியானால், வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி வேரை வழிநடத்தலாமா? மின்புலத்தில் வேர்கள் வளைவது உண்மையே. ஆனால் சில இனங்கள் நேர்முனையை நோக்கியும் சில மறைமுனையை நோக்கியும் வளைகின்றன. மண்ணில் மின்கலம் செருகினால் விளைச்சல் பெருகும் என்போருக்கு இது சான்றாகாது.

மண்ணின் அமிலத்தன்மையும் இக்கணக்கில் சேரும். பி.எச். 4.5 முதல் 5.5 வரையான மண்ணே தேயிலைக்கு உகந்தது. அத்தகைய மண்ணில் கரையும் அலுமினிய அயன்கள் பெரும்பாலான பயிர்களின் வேர் நுனியில் ஒட்டி, அதன் நீட்சியைத் தடுக்கின்றன. அமில நிலத்தில் மரக்கறி பயிரிடுவோர் சுண்ணாம்போ டொலமைற்றோ இடுவது இதனாலுந்தான். தேயிலையின் வேரோ அலுமினியம் இருந்தால் மேலும் நன்றாக வளர்கிறது. முற்றிய தேயிலை இலைகளில் அவ்வுலோகம் மிகுதியாகக் காணப்படுவதும் வேர் அதை உறிஞ்சி மேலே அனுப்புவதாலேயே.