உறையுலர் இரை

"மாமா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று அக்கா மகன் நீட்டிய டப்பாவில் 'ஃப்ரீஸ் டிரைடு மீல்வார்ம்' என்று அச்சடித்திருந்தது. அவன் வளர்ப்பது, காதோரம் சிவப்புப் பட்டை உள்ள அமெரிக்க ஆமை. (நம் வாய்க்கால் ஆமையைப் பிடித்து வளர்க்க முடியாது, 1972 வன உயிரினச் சட்டம் பாயும்.) கும்பகோணத்துக் கடைக்காரர் 'காய்ஞ்ச புழு' என்று சொல்லிக் கொடுத்தாராம்.

காய்ந்தது என்றால் நமக்கு நாகப்பட்டினத்துக் கருவாடுதான். உப்பும் வெயிலும் நீரை இழுக்க, மீன் சுருங்கி இறுகிவிடும். டப்பாவில் இருந்த புழு சுருங்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வளையம் வளையமாக முழு உருவம். எடை மட்டும் பதர் மாதிரி. அழுத்தினால் பொடிந்துவிட்டது.

புழுவை முதலில் உறைய வைக்கிறார்கள். அப்புறம் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் வைத்து லேசாகச் சூடு காட்டுகிறார்கள். அழுத்தம் 6 மில்லிபாருக்குக் கீழே இருந்தால் பனிக்கட்டி தண்ணீராக உருகாது, நேரே ஆவியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் கற்பூரத்தைக் காட்டிப் 'பதங்கமாதல்' என்றார்களே, அதேதான். ஐஸ் இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும்.

இதற்கு அறிவியலில் 'லயோஃபிலைசேஷன்' என்றும் பெயர். கிரேக்கத்தில் 'லியோ' கரைத்தல், 'ஃபிலோ' நேசம். நீரைக் கண்டதும் உறிஞ்சிக்கொள்ளும் குணத்துக்கு வைத்த பெயர். இரண்டாம் உலகப் போரில் ரத்த பிளாஸ்மாவை இப்படித்தான் பொடியாக்கி அனுப்பினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கரைத்துப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் இந்த வகைப் பொடிதான். சில இன்ஸ்டன்ட் காபித் தூளும் அப்படியே. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் காபி என்று எழுதத்தான் கை கூசுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். பாலுக்கு உறை குத்துகிறோம், மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. ஆக, வினைச்சொல் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் 'உறை உலர்த்தல்' என்று பிரித்து எழுதினால், தலையணை உறையைக் கொடியில் போடுவதுபோல இருக்கிறது. சேர்த்து 'உறையுலர்' என்று எழுதுவதே என் கட்சி. 'உறைந்த இரை' என்று சொல்லிவிடக் கூடாது. அது ஈரம் போகாமல் ஃப்ரீசரில் இருப்பது, அலமாரியில் வைத்தால் நாறிவிடும். அடுத்த சொல்லில் குழப்பமில்லை. மாட்டுக்குத் தீவனம், கோழிக்குத் தீனி, பாம்பும் கொக்கும் எடுப்பது இரை.

பெயரில் 'உலர்' இருப்பது ஊட்டுகிறவருக்கும் ஒரு நினைவூட்டல். உயிரோடு இருக்கும் புழு பூச்சியில் பாதிக்கு மேல் தண்ணீர். பல்லி, ஓணான் வகைகளுக்கு அந்த ஈரமும் ஆகாரம்தான். அதனால் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. புழுவில் கால்சியம் குறைவு என்பதால் கால்சியப் பொடியும் தூவுவார்கள். தவளையிடம் வேறு சிக்கல்: அசையாத எதையும் அது இரையாகவே மதிக்காது, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்ட வேண்டும். நீராமைக்கு அந்த வம்பில்லை. மிதப்பதைக் கவ்வி, தண்ணீருக்குள் வைத்தே விழுங்கிவிடும்.

ஊறவைத்துப் பார்க்க நாலு புழுவை டபராவில் போட்டோம். முதலில் மிதந்தன, அரை மணி கழித்துத் தொட்டால் மெத்தென்று இருந்தன. டபரா அக்காவுடையது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.