மண் சிற்றுண்ணி: சொல் விளக்கம்

மண்ணிலும் பாசியிலும் வாழும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத எட்டுக்கால் உயிரி மண் சிற்றுண்ணி. ஆங்கிலத்தில் 'மைட்' எனப்படும் பெருங்குழுவைச் சேர்ந்தது. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு, பூச்சி அன்று.

நம் வேளாண் நூல்கள் 'சிலந்திப்பேன்' என்று எழுதுகின்றன. பயிர்ச்சாற்றை உறிஞ்சும் இனங்களுக்கு அந்தப் பெயர் வேரூன்றிவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும். பேன் ஆறு கால் பூச்சி என்பதால் மண்ணில் வாழ்வனவற்றுக்கும் அதை நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 'உண்ணி' என்றதும் மாட்டின் இரத்தம் குடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் வேர் 'உண்' என்னும் வினையே. தாவர உண்ணி, ஊனுண்ணி, ஒட்டுண்ணி எல்லாம் அதில் பிறந்தவை. மட்கிய இலையையும் பூஞ்சையையும் தின்னும் உயிருக்குச் 'சிற்றுண்ணி' மிகப் பொருத்தம்.

இவற்றுள் பெரியதொரு வரிசை 'ஒரிபாட்டிடா'. கிரேக்கத்தில் 'ஓரோஸ்' என்றால் மலை. மலையில் திரிவது என்பது பெயரின் பொருள். மலையில் மட்டுமா? ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளிலும் இவை திரிகின்றன. அங்கே அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கோடையில் இளகும் மேல்மண்ணின் முதல் சில சென்டிமீட்டர்களும், பாசி மெத்தைகளும், பூஞ்சையும் நுண்பாசியும் இணைந்து வாழும் லைக்கன்களும், கடலோரப் பாறைகளுமே இவற்றின் வீடு.

முட்டைக்குப் பின் ஆறு கால் இளவுயிரி, அதன்பின் எட்டுக் கால்களோடு மூன்று இளம்பருவங்கள், பிறகு முதிர்ந்த உயிரி. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை தோலுரித்தாக வேண்டும். வெப்பமான நாடுகளில் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடியும் இந்த வளர்ச்சி, ஸ்வால்பார்ட் கடற்கரையில் வாழும் 'அமெரோநோத்ரஸ் லினியேட்டஸ்' இனத்துக்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள் பிடிக்கிறது. கோடை அவ்வளவு குறுகியது. மீதிக் காலமெல்லாம் குளிரில் அசையாமல் காத்திருப்புதான். இவ்வளவு சிறிய உடலுக்குள் இவ்வளவு பொறுமையா என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

உடல்நீர் உறைந்தால் சாவு. எனவே குளிர்காலத்துக்கு முன் குடலைக் காலி செய்துகொள்கின்றன. பனிப்படிகம் உருவாகத் தொடங்குவதற்கு உணவுத் துகளே இடம் கொடுக்கும். கிளிசரால் போன்ற பொருள்களும் உடலில் சேர்கின்றன. இதனால் உறைநிலைக்கு வெகு கீழேயும் உடல்நீர் திரவமாகவே நிற்கிறது.

மொழிபெயர்ப்போர் கவனத்துக்கு: மண்ணில் வாழும் சிற்றுண்ணிகள் எல்லாம் ஒரிபாட்டிடா அல்ல, பிற சிற்றுயிர்களை வேட்டையாடுபவையும் உண்டு. ஆகவே 'மண் சிற்றுண்ணி' பொதுப்பெயராக இருக்கட்டும். முதிர்ந்தபின் பெரும்பாலும் கடினமான மேலோடு பூணும் ஒரிபாட்டிடாவுக்குக் 'கவசச் சிற்றுண்ணி' என்பதை முன்மொழிகிறேன்.