கண்ணில் ரத்தம் கசிந்தால் இதய மாத்திரையை நிறுத்தலாமா?

போன மாதம் ஒரு பெரியவர் வந்திருந்தார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கிறார். "நாலு நாளா வலது கண்ணுல நூலாம்படை மாதிரி ஆடுதும்மா. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க. அதான் ஆஸ்பிரினை நிறுத்திட்டேன்" என்று மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தார். கடைசி நான்கு மாத்திரை பிரிக்கப்படாமலே இருந்தன. அவர் கண்ணைவிட அந்த அட்டைதான் என்னை அதிகம் பதறவைத்தது.

ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை; அதனால் ரத்தம் நீர்த்துப்போனதால்தான் கசிகிறது என்று அவர் நினைத்துவிட்டார். உண்மையில் சர்க்கரை நோயில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், உறைதலுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் ஏறும், உறைந்ததைக் கரைக்கும் வேலையும் மந்தமாகும். கூடவே, கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்கள் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டத் தொடங்கும். விலங்கு ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. சிவப்பணுக்களே ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து போகிற அளவு மெல்லிய குழாய்கள் அவை. நாளடைவில் சுவரும் சிதைந்து, பல குழாய்கள் அடைத்துப்போகும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்க்கும். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களுக்குப் பலம் கிடையாது. அவை கிழியும்போதுதான் கண்ணுக்குள் ரத்தம் பரவுகிறது. ஆக, கசிவுக்கு முன்னால் நடந்தது அடைப்பு.

சரி, ஆஸ்பிரின் கசிவைக் கூட்டுமா? அமெரிக்காவில் 3,711 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த இடிடிஆர்எஸ் ஆய்வு இதற்கு 1991-லேயே பதில் சொல்லிவிட்டது. தினமும் 650 மில்லிகிராம் கொடுத்தும் கண்ணில் ரத்தக்கசிவு கூடவில்லை. நம் ஊரில் இதயத்துக்கு வழக்கமாகத் தருவது 75 மில்லிகிராம்தான். அதே ஆய்வில் ஆஸ்பிரினால் கண் நோய் குறையவும் இல்லை. எனவே கண்ணுக்காக அதைத் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்து மாரடைப்பு வரலாம்.

கண்ணுக்கு வைத்தியம் வேறு: லேசர், விஇஜிஎஃப்பை அடக்கும் ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. நடுவிழித்திரை வீக்கம் ஊசிக்கு அடங்காத சிலருக்கு, அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு வைப்போம். அதில் கண் அழுத்தம் ஏறலாம் என்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அவருடைய இதய மருத்துவரிடம் போனில் பேசி, அன்றே மாத்திரையைத் தொடரச் சொன்னேன். கிளம்பும்போது அவர் மனைவி, "எனக்கும் எட்டு வருஷமா சர்க்கரைதாம்மா. பார்வை நல்லாத்தான் இருக்கு" என்றார். கண்பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரித்து ஒருமுறைகூட யாரும் விழித்திரையைப் பார்த்ததில்லையாம். சர்க்கரை என்று தெரிந்த நாளிலேயே பார்த்து, அப்புறம் வருடாவருடம் பார்த்திருக்க வேண்டியது. அவரையும் உட்காரவைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டோம்.