குமரி மாவட்டத்து மயிலாடி சிற்பப் பட்டறைக்கும் வடசேரி நகைப் பட்டறைக்கும் எந்தத் திட்டம்?

விஸ்வகர்மா திட்டத்தில் பதிந்தால் கருவி வாங்க 15,000 ரூபாய், பயிற்சிக்குப் போனால் நாளுக்கு 500 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்துவிட்டு உடனே இ-சேவை மையத்துக்குக் கிளம்பாதீர்கள். தொகை சரிதான். கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. ஆனால் குலத்தொழிலை ஒட்டி இருக்கிறது, இப்போதுள்ள வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதிவிட்டது.

அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் மாநில அரசு தொடங்கியதுதான் கலைஞர் கைவினைத் திட்டம். மொத்தம் 25 தொழில்கள். மயிலாடி கல் சிற்பமும், புவிசார் குறியீடு பெற்ற வடசேரி கோயில் நகையும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். சாதி, பரம்பரை எதுவும் பார்ப்பதில்லை. 3 லட்சம் வரை வங்கிக் கடன், 25 சதவீத மானியம், 5 சதவீதம் வரை வட்டி மானியம், கூடவே திறன் பயிற்சி. மானியத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய், அதனால் 2 லட்சம் போட்டாலும் 3 லட்சம் போட்டாலும் மானியம் ஒன்றுதான். தேவையில்லாமல் கடனை ஏற்றிக்கொள்ள வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

சிக்கல் வயதில் இருக்கிறது. குறைந்தது 35 ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு அப்பன் தொழிலுக்கே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு, அது நியாயம்தான், ஆனாலும் உண்மையிலேயே ஆசைப்பட்டு உளி பிடிக்க வரும் 20 வயதுப் பையனுக்கோ கெம்புக் கல் பதிக்கப் பழகும் பெண்ணுக்கோ இதில் ஒன்றும் இல்லை. இது ஆசானுக்கான திட்டம், சீடனுக்கானது அல்ல.

சரி, சீடனுக்கு என்ன வழி? தொழிற்பழகுநர் சட்டம், 1961. இதன்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநர்களை, அதாவது உதவித்தொகையோடு தொழில் பழகுபவர்களை, கட்டாயம் எடுக்க வேண்டும், 4 முதல் 29 பேர் வரை உள்ள பட்டறை விரும்பினால் எடுக்கலாம். மாத உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. 14 வயதிலேயே சேரலாம், ஆபத்தான வேலைக்கு 18. கல் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று தெரிந்த யாரும் சின்னப் பிள்ளையை அங்கே விட மாட்டார்கள்.

பட்டமாகவே படிக்க நினைத்தால், பிளஸ் டூ முடித்ததும் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரிக்குப் போகலாம். 1957-ல் தொடங்கியது, நம்மூரிலிருந்து ரொம்ப தூரம்.

பட்டறையில் பழகுநராகச் சேர்வதானால் தொழிற்பழகுநர்களுக்கான அரசு இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா என்று முதலிலேயே கேளுங்கள். வெறும் வாய்ச்சொல்லில் சேர்ந்தால் அரசுப் பங்கும் வராது, கடைசியில் சான்றிதழும் வராது.