கிசுகிசுப்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில்: ஹாலிவுட்டின் முதல் பேசும் படங்கள்

1928 ஜூலையில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' தொடக்கம் முதல் முடிவு வரை வசனம் பேசிய முதல் ஹாலிவுட் முழுநீளப் படம். முந்தைய ஆண்டு பரபரப்பாக ஓடிய 'தி ஜாஸ் சிங்கர்' சில காட்சிகளில்தான் பேசியது. மீதியெல்லாம் எழுத்து அட்டைகள். 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' ஓடியது 57 நிமிடம். சுமார் 23,000 டாலரில் எடுத்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தார்கள். கதை புதிதல்ல: கள்ளச்சாராயக் கும்பலிடம் சிக்கிய ஒரு முடிதிருத்துபவன், இரவு விடுதியில் ஆடும் அவன் காதலி, அவள்மீது கண்வைத்த விடுதி முதலாளி. கொலை உண்டு, காதல் உண்டு, போட்டி உண்டு.

இப்போது பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். ஒருவனைத் தீர்த்துக்கட்டச் சொல்லும் கும்பல் தலைவன், வகுப்பில் டிக்டேஷன் சொல்லும் வாத்தியாரைப் போல வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசுகிறான். நடிகர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பாதிப் பழி இயந்திரத்துக்குச் சேர வேண்டும்.

வார்னர் அப்போது நம்பியிருந்தது வைட்டஃபோன் என்ற இசைத்தட்டு முறையை. 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் சுமார் 11 நிமிடம். வினாடிக்கு 24 பிரேம் வீதம் ஓடும் 1,000 அடி ரீலும் அதே 11 நிமிடத்தில்தான் தீரும். மெழுகில் கீறிய ஒலியை நடுவில் வெட்டி ஒட்ட வழியில்லை. அதனால் காட்சியை நிறுத்தாமல், பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். கேமராவின் கடகடப்பு மைக்கில் விழாதிருக்க, கேமராவையும் ஒளிப்பதிவாளரையும் சேர்த்து, கண்ணாடிச் சன்னல் வைத்த, ஒலி கசியாத ஓர் அறைக்குள் பூட்டிவைத்தார்கள். உள்ளே காற்றும் கிடையாது. மைக்கோ எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கிக்கொள்ளும் வகை. மேசைப் பொருள்களுக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்துவிட்டு, ரவுடிகளெல்லாம் அதைச் சுற்றி நெருக்கி நின்று பேசினார்கள்.

தட்டை வென்றது, ஒலியை ஃபிலிமிலேயே பதியும் முறை. இதுதான் உண்மையில் அழகான பொறியியல். பெல் ஆய்வகத்தின் ஈ. சி. வென்டே உருவாக்கிய 'ஒளி வால்வு' அதன் இதயம். காந்தப்புலத்துக்கு நடுவே இரண்டு மெல்லிய உலோக நாடாக்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அடங்கும். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் பெருக்கியைக் கடந்து இந்த நாடாக்களில் பாய்ந்ததும் அவை விலகும், நெருங்கும். விலகினால் அதிக ஒளி, நெருங்கினால் குறைந்த ஒளி. பின்னால் ஓடும் ஃபிலிமின் ஓரத்தில் அது கருமையும் வெண்மையுமான நுண்ணிய வரிகளாகப் பதியும். அதுதான் ஒலித்தடம்.

திரையரங்கில் இது தலைகீழாக நடக்கும். சிறு விளக்கின் ஒளி ஒரு குறுகிய பிளவு வழியே தடத்தில் பாய்ந்து, மறுபக்கம் ஒளிமின்கலத்தில் விழும். வரிகள் கடக்கக் கடக்க ஒளி கூடிக் குறையும், மின்சாரமும் அப்படியே, ஒலிபெருக்கி பேசும். இங்கே ஒரு சங்கடம் உண்டு. படம் திரையில் தெரிய ஃபிலிம் வினாடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோ அது வழுக்கிக்கொண்டு ஒரே சீராக ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. ஆகவே ஒலியைப் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் தள்ளிப் பதிந்தார்கள். நீங்கள் உதட்டைப் பார்க்கும் கணத்தில் அந்த உதட்டின் ஒலி ஓர் அடிக்கும் மேல் தள்ளி வேறிடத்தில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

இனி காதலுக்கும் குற்றத்துக்கும் வருவோம். ஒலியின் உரப்பை டெசிபலில் அளப்பார்கள். கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல். அருகில் வெடிக்கும் துப்பாக்கி 140-ஐத் தாண்டும். அன்றைய ஒலித்தடம் தாங்கிய வீச்சோ, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியோ, 40 டெசிபலைத் தொடுவதே கஷ்டம். மேலே போனால் நாடாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். வெடிச்சத்தம் கரகரத்துச் சிதையும். கீழே போனால் ஃபிலிமின் வெள்ளித் துகள்களும் தூசியும் கீறலும் எழுப்பும் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலில் பேச்சு மூழ்கிவிடும். கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டே காதலர்கள் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பேசியதற்கு இதுவும் ஒரு காரணம். குற்றமும் காதலும் கலந்த படம் இந்த இயந்திரத்தின் இரண்டு முனைகளையும் ஒருசேர இடித்தது. ஸ்டுடியோக்கள் விரும்பி எடுத்ததும் அதே வகைப் படத்தைத்தான் என்பது வேடிக்கை.

துப்பாக்கிக்கு ஒலிப்பதிவாளரின் கை இருந்தது. வெடிக்கப்போவது தெரிந்து முன்கூட்டியே ஒலியளவைக் குறைத்துக்கொள்வார். கிசுகிசுப்புக்கு அப்படி எளிய வழியில்லை. ஒலியளவைக் கூட்டினால் ஸ்டுடியோ இரைச்சலும் சேர்ந்து கூடும்.

1930-31 வாக்கில் தீர்வு வந்தது. நடிகர்கள் சும்மா இருக்கும்போது வால்வின் நாடாக்கள் நடு இடைவெளியிலேயே நின்று, தடம் சாம்பல் நிறத்தில் பதிகிறது. அந்தச் சாம்பலினூடே ஒளி பாய்வதால்தான் துகளும் தூசியும் காதில் விழுகின்றன. பேச்சு அடங்கும்போதெல்லாம் நாடாக்களைத் தாமாகவே நெருங்கவைத்தால்? நெகட்டிவில் குறைந்த ஒளி விழும், கருப்பு வெள்ளையைத் தலைகீழாக்கும் பிரிண்டில் தடம் கருக்கும், ஒளி பாய இடமிருக்காது. இரைச்சல் ஏறத்தாழ 10 டெசிபல் இறங்கியது. எண்ணாகப் பார்த்தால் சிறியது. காதுக்கு இரைச்சல் பாதியானது போல இருக்கும்.

இதன் பெரிய லாபம் வேறு. ஒலியை ஒரு ஃபிலிமிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும் என்று அதுவரை அஞ்சினார்கள். இரைச்சல் குறைந்ததும் துப்பாக்கியைத் தனியாக, இசையைத் தனியாக, வசனத்தைத் தனியாகப் பதிந்து, பிறகு அளவு பார்த்துக் கலப்பது பழக்கமாயிற்று. கேமராவும் ஒலியின் பிடியிலிருந்து விடுபட்டது. 1931-இன் 'தி பப்ளிக் எனிமி'யில் ஒரு கொலை திரைக்கு வெளியே நடக்கிறது. கேமரா வேறு ஆளைப் பார்க்கிறது. வெடியும், பியானோ கட்டைகளின் அபஸ்வரமும் மட்டும் காதில் விழுகின்றன.

அதே ஆண்டு ரூபன் மமூலியன் இயக்கிய 'சிட்டி ஸ்ட்ரீட்ஸ்' இன்னும் ஒருபடி போனது. சிறையில் இருக்கும் சில்வியா சிட்னியின் முகம் திரையை நிறைக்கிறது, உதடு அசையவில்லை. முன்பு அவளிடம் பேசிய காதலன் கேரி கூப்பரின் குரல் அவள் நினைவாக ஒலிக்கிறது. பார்வையாளர்கள் குழம்பிவிடுவார்கள் என்று தயாரிப்புத் தரப்பு பயந்ததாகச் சொல்வார்கள். யாரும் குழம்பவில்லை.