காலையில் மூட்டு மாற்று, சாயங்காலம் வீடு: யாருக்குச் சரிப்படும்?

சேலத்தில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: “முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமாமே?” போகலாம். ஆனால் எல்லோரும் அல்ல.

தொடைத் தசையின் பலம் அதிகம் குறையாமல் வலியைக் கட்டுப்படுத்தும் நரம்பு ஊசியும், ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் வந்ததால், சில மணி நேரத்திலேயே வாக்கர் பிடித்து நடக்க முடிகிறது. தலைசுற்றாமல் நடந்து, படி ஏறி இறங்கி, சாப்பிட்டது வயிற்றில் தங்கி, சிறுநீரும் தானாகப் போனால்தான் அனுப்புவார்கள். இதயக் கோளாறு, அடங்காத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தங்கிவிடுவதே நல்லது.

சிக்கல் வீட்டில்தான். அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரர், உடம்பு திடமானவர். படுக்கை மாடியில், கழிப்பறை கீழே கொல்லையில், அதுவும் இந்தியன் டைப். படிக்குக் கைப்பிடியே கிடையாது. தறிக்கு அடுத்த அறையில் கட்டிலைப் போட்டு, கமோடு நாற்காலி வாங்கி வைத்த பிறகுதான் ஆபரேஷனுக்கே தேதி குறித்தார்கள். மகன் ஒரு வாரம் லீவு போட்டார். (மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரைக் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.)

நரம்பு ஊசியின் மரப்பு பெரும்பாலும் அன்று ராத்திரியோ மறுநாளோ விலகும். அப்போதுதான் உண்மையான வலி தெரியும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும். இதமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், கால் மடங்கியே பழகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

ஏற்காட்டுக்காரர்கள் அன்றே 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக வேண்டாம் என்பது என் கருத்து. வாந்தி ஒருபுறம் இருக்கட்டும், ராத்திரி கட்டு நனைந்தால் இறங்கி வருவது பெரும்பாடு. சில நாள் அஸ்தம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம்.

இன்ஷூரன்ஸில் 24 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் போனை எடுப்பார் என்றும் கேட்டு, நம்பரை எழுதி வாங்குங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டு நனைந்துகொண்டே இருந்தாலோ அந்த நம்பர். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் நேரே 108.