விரலுக்குள் ஒரு தூண்டில்

"பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சுவரேறும் போட்டியைப் பார்த்தேன். விரல் நுனி மட்டுமே பதியக்கூடிய விளிம்பில் ஒரு பெண் தொங்கினார். அவருடைய விரல் தசைகள் அவ்வளவு வலிமையானவையா? நானும் கதவு நிலையின் மேல் விளிம்பில் தொங்கிப் பழகலாமா?" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

அவர் பார்த்தது ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்ப்ரெட்டாக இருக்க வேண்டும். 1999-இல் பிறந்த யான்யா, 17 வயதில் லீட் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். கயிறு கட்டிக்கொண்டு உயரமான சுவரில் ஏறுவது லீட். கயிறில்லாமல், கீழே மெத்தை விரித்து, நாலரை மீட்டர் அளவுள்ள சுவரில் சில நகர்வுகளே கொண்ட கடினமான புதிர்களை அவிழ்ப்பது போல்டரிங். 2019-இல் நடந்த ஆறு போல்டரிங் உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆறையும் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் வேகமாக ஏறும் போட்டியையும் சேர்த்து மூன்று பிரிவுகளில் பெற்ற இடங்களைப் பெருக்கி மதிப்பெண் போட்டார்கள். குறைந்த எண்ணுக்கே வெற்றி. அவருக்கு 5×1×1, ஆக 5. வெள்ளி வென்றவருக்கு 45. பாரிஸில் 200-க்கு 168.5 பெற்று மீண்டும் தங்கம். அந்த இறுதிப் போட்டியின் போல்டரிங் சுற்றில் விரலில் அடிபட்ட பிறகும் லீட் சுவரில் ஏறித்தான் அதை வென்றார்.

முதல் கேள்விக்கு வருகிறேன். விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. இடது முன்கையை வலது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே தோலுக்கடியில் ஏதோ நெளிவது தெரியும். விரலை இழுக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியாக விரலுக்குள் ஓடுகின்றன. பொம்மலாட்டக் கலைஞர் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மையின் கை அசைவதைப் போன்றது இது.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். ஒரு கம்பியை வளைத்து அதன் இரு முனைகளிலும் நூல் கட்டி இழுத்தால் அது வில்லாகிவிடும். நாண் கம்பியை விட்டு விலகி நிற்கும். விரல் மடங்கும்போதும் தசைநாண் அப்படித்தான் எலும்பை விட்டு விலகித் துருத்த வேண்டும். ஆனால் துருத்துவதில்லை. ஏனென்றால் விரல் எலும்பின் உட்புறத்தில் சிறு சிறு நார் வளையங்கள் இருக்கின்றன. தசைநாண் அவற்றுக்குள் நுழைந்து செல்கிறது. மருத்துவர்கள் இவற்றைக் கப்பிகள் என்று அழைக்கிறார்கள். கிணற்றுக் கப்பியைப் போல இவை சுழல்வதில்லை என்பதால், எனக்குத் தூண்டில் கழியே சரியான உவமையாகத் தோன்றுகிறது. கழி எவ்வளவு வளைந்தாலும் தூண்டில் நூலை அதன் உடலோடு ஒட்டி ஓடவைப்பவை அதிலுள்ள வளையங்கள். விரலின் அடிக்கணுவில் இருக்கும் வளையத்துக்கு ஏ2 என்று பெயர். இவற்றில் மிகப் பெரும் சுமையைத் தாங்குவது அதுதான்.

குறுகிய விளிம்பைப் பிடிக்கும் வீரர்கள் விரலின் நடு மூட்டைக் கிட்டத்தட்டச் செங்கோணமாக மடக்கி, நுனி மூட்டைப் பின்புறமாக நெளித்து அழுத்துகிறார்கள். இதற்கு கிரிம்ப் என்று பெயர். இதில் விரல் நுனி 10 கிலோ எடையைத் தாங்குவதாகக் கொள்ளுங்கள். நெம்புகோல் பாடம் நினைவிருக்கும்: விரல் நுனி, நடு மூட்டிலிருந்து தொலைவில் இருக்கிறது, தசைநாணோ அந்த மூட்டை ஒட்டியே ஓடுகிறது. அதனால் தசைநாண் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 30 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுவை செங்கோணத்தில் திரும்பும் இடத்தில் வெளிப்புறமாகத் தள்ளும் விசை இன்னும் 1.4 மடங்கு கூடும், 42 கிலோ. வளையங்கள் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இறந்தவர்களின் கைகளில் செய்த சோதனைகளில் ஏ2 வளையம் சுமார் 400 நியூட்டன், அதாவது 40 கிலோவுக்கு ஈடான விசையில் அறுந்திருக்கிறது. கால் வழுக்கி உடல் எடை முழுவதும் சட்டென்று ஒரு கைக்கு மாறினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மோதிர விரலில்தான் அறுகிறது. அறுபடும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் 'டப்' என்று கேட்கும்.

அந்த ஓசை வேறு, நாம் நெட்டி முறிக்கும்போது எழும் ஓசை வேறு. நெட்டியில் கேட்பது மூட்டுத் திரவத்தில் உருவாகும் வாயுக் குமிழியின் வேலை. நெட்டி முறித்தால் வாதம் வரும் என்று குழந்தைகளை மிரட்டுவதற்கு ஆதாரம் இல்லை. பாட்டி நெற்றிப் பொட்டில் விரல் மடக்கித் திருஷ்டி கழித்தால் யார் விரலும் கெட்டுப்போகாது. திருஷ்டி என்று ஒன்று இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த வளையங்கள் இன்னொரு உதவியும் செய்கின்றன. ஓடத்தைக் கரையில் நிறுத்துபவர் கயிற்றை முளையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். உராய்வு பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தொங்கும் வீரரின் விரலிலும் தசைநாண் வளையத்தின் மேல் அழுந்தி உராய்வதால், தசைக்குச் சுமை சற்றுக் குறைகிறது. இழுத்து மேலேற முடியாத எடையைக்கூடப் பிடித்துத் தொங்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வௌவாலிடம் இது முழுமை பெற்றிருக்கிறது. அதன் தசைநாணில் சிறு புடைப்புகளும் உறையில் அவற்றைக் கவ்வும் மடிப்புகளும் இருப்பதால், தசையை வருத்தாமல் தூங்கிக்கொண்டே தொங்குகிறது. நமக்கு அந்தப் பூட்டு இல்லை. நமது தசை இறுகியே இருந்தாக வேண்டும். இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே நெரிக்கும். முன்கை வீங்கிக் கல்லாகிப் பிடி நழுவுவது அதனால்தான். அவ்வப்போது கையைத் தொங்கவிட்டு உதறுவது இரத்தம் திரும்புவதற்காக.

தசை சில மாதங்களில் வலுப்பெறும். இரத்த ஓட்டம் குறைந்த இந்த வளையங்களுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். நெடுங்காலம் ஏறியவர்களின் வளையங்களும் விரல் எலும்புச் சுவர்களும் தடித்திருப்பது ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் தெரிகிறது. ஸ்பெயினின் சாந்தா லின்யா பாறையில் 2017-இல் யான்யா சில நாள் இடைவெளியில் பாறையேற்றத்தில் மிகக் கடினமான தரங்களில் ஒன்றான 9ஏ தரத்திலுள்ள இரண்டு வழிகளை ஏறியபோது அவருக்கு 18 வயதுதான். ஆனால் அவருடைய விரல்கள் சிறுவயதிலிருந்தே தயாராகிவந்தவை.

திசு வளர உணவு வேண்டும். எடை குறைந்தால் விரலுக்குச் சுமை குறையும் என்ற கணக்கில் பட்டினி கிடப்பவர்கள் இந்த விளையாட்டில் இருக்கிறார்கள். 2023-இல் யான்யா இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு சர்வதேசக் கூட்டமைப்பு வீரர்களின் உடல்நிலையைப் பரிசோதிக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அவர் பெற்ற பதக்கங்களுக்குச் சமமாக இதை நான் மதிக்கிறேன். இன்னொரு ஆதங்கமும் எனக்கு உண்டு. விரல் வளையங்களைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி பாறையேறிகளிடமிருந்து வந்தது. மூட்டையை விரல்களால் கவ்வித் தூக்குபவரின் கைக்குள்ளும் இதே வளையங்கள்தான் இருக்கின்றன. அவர் விரலை அளந்து பார்க்கவும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

இனி, கதவு நிலை. வேண்டாம் அம்மா. உங்கள் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், முழுமையாக மூடியிருக்காமல் போகலாம். கடும் பயிற்சி செய்யும் பதின்வயதினருக்கு நடுக்கணுவில் அந்தத் தட்டு விரிசல் விடுவது மருத்துவர்கள் நன்கறிந்த காயம். ஏற ஆசை இருந்தால், பயிற்சியாளர் இருக்கும் சுவரில், காலை ஊன்றி, பெரிய பிடிகளில் தொடங்குங்கள். நடு மூட்டின் மேற்புறம் அழுத்தினால் வலித்து, அது சில நாளில் போகவில்லை என்றால், எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்லாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.